தூத்துக்குடியா, ராமேஸ்வரம் தீவா? கடலோரம் குடிபெயர நினைக்கும் குடும்பத்துக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இது: கணவன், மனைவி இருவரும் பெங்களூரு நிறுவனங்களுக்காக வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். மகள் எட்டாம் வகுப்பு. உடன் இருக்கும் மாமியாருக்கு 72 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. கடலோரத்தில் குடியேற ஆசை. தூத்துக்குடியில் வாடகை வீடு பார்ப்பதா, ராமேஸ்வரத்தில் மனை வாங்கி வீடு கட்டுவதா? மாமியாருக்கு ராமநாதசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குத் தூத்துக்குடிக்குப் போங்கள். ராமேஸ்வரத்தில் மனை வாங்குவதை மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரையாவது தள்ளிப்போடுங்கள். இந்த இரண்டு ஊர்களிலும் வீடுகள் கட்டிக்கொடுத்து வருகிற கட்டடப் பொறியாளன் நான். தீவின்மீது எனக்குப் பற்று அதிகம். அப்படியிருந்தும் இதைச் சொல்வதற்கான காரணங்களை விரிவாக எழுதுகிறேன். உங்கள் குடும்ப நிலைமை மாறும்போது இதே காரணங்களை வைத்து நீங்களே வேறு முடிவுக்கும் வரலாம்.

இடம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் தை, மாசியில் வருகிறார்கள். அப்போது தென்கடலும் (மன்னார் வளைகுடா) அடங்கி இருக்கும், வெயிலும் உறைக்காது. எந்த ஊருமே அப்போது நல்ல ஊர்தான். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: ஒரு பொல்லாத இரவில் அந்த ஊரிலிருந்து வெளியேற எத்தனை வழிகள் இருக்கின்றன?

ராமேஸ்வரத்துக்குச் சாலையில் ஒரு வழி, ரயிலில் ஒரு வழி. இரண்டும் பாம்பன் கால்வாயின் மேல் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. 1914இல் ரயில் பாலம் வந்தது. சாலைப் பாலம் 1988இல்தான் வந்தது. இடைப்பட்ட முக்கால் நூற்றாண்டு ரயிலும் படகும்தான் தீவுக்காரர்களுக்குத் துணை. பழைய ரயில் பாலம் தேய்ந்துபோனதால் 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவது நின்றது. நடுவில் 72.5 மீட்டர் நீளப் பகுதி செங்குத்தாக மேலே எழும்பும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயில்கள் தீவுக்குள் வரவில்லை. அக்கரையில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு பஸ்ஸிலோ ஆட்டோவிலோதான் வீடு சேர வேண்டியிருந்தது. சென்னையில் படிக்கும் பிள்ளைகள், மதுரைக்கு மாதாமாதம் சிகிச்சைக்குப் போகும் முதியவர்கள் எல்லோருக்கும் அது பெரிய பாடு. புதிய பாலத்திலும் காற்று மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விடுவதில்லை. வைகாசியிலிருந்து ஆவணிவரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் நாள்களிலும், ஐப்பசிக்குப் பிறகு புயல் சின்னம் தோன்றும் நாள்களிலும் ரயில் காத்து நிற்பது அங்கே வழக்கம்.

சாலைப் பாலம் உறுதியானது. அதன் தொல்லை கூட்டம். விடுமுறை நாள்களில் கடலைப் பார்க்க வண்டியைப் பாலத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசைக்கு மண்டபத்திலிருந்தே வண்டிகள் ஊர்ந்துதான் வரும். ஆம்புலன்ஸும் அந்த நெரிசலுக்குள்தான் வந்து போக வேண்டும்.

இதை உங்கள் மாமியாரின் நெஞ்சோடு பொருத்திப் பாருங்கள். ராமேஸ்வரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. காய்ச்சல், வெட்டுக்காயம், முதலுதவிக்குக் கவலையில்லை. மாரடைப்பு, பக்கவாதம் என்றால் ராமநாதபுரத்துக்குத்தான் அனுப்புவார்கள். அது சுமார் 55 கிலோமீட்டர். அங்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது தீவுக்கும் பெரிய வரம். அதற்கு மேலும் சிக்கல் என்றால் மதுரை. தீவிலிருந்து கணக்கிட்டால் 170 கிலோமீட்டர். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொண்டு நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். தூத்துக்குடியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. தனியார் இதய சிகிச்சை வசதியும் உண்டு. போதாவிட்டால் நான்குவழிச் சாலையில் 50 கிலோமீட்டரில் திருநெல்வேலி. என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு விஷயமே முடிவைத் தீர்த்துவிடுகிறது. ஆனாலும் மற்றவற்றையும் சொல்கிறேன், மனை வாங்கும் எண்ணம் உங்களிடம் இருப்பதால்.

தீவில் வீடு கட்ட வருகிறவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருப்பது தண்ணீரைப் பற்றித்தான். உள்நாட்டு ஊர்களில் தண்ணீர் கிடைக்கவில்லை என்றால் ஆழ்துளையை இன்னும் ஆழமாக இறக்குவார்கள். தீவில் அப்படிச் செய்தால் உப்புதான் வரும். மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் எண்ணெய் போல ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட ஒரு மீட்டர் உயரமாக இருந்தால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர்வரை நன்னீர் நிற்கும் என்பது நீரியலில் உள்ள கணக்கு. இதையே திருப்பிப் போட்டால் அபாயம் புரியும். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், அடியிலிருந்து உப்புநீர் 20 மீட்டர் மேலே ஏறி வரலாம். தனுஷ்கோடிப் பக்கத்து மீனவக் குடும்பங்கள் கடலுக்கு மிக அருகிலேயே மணலைக் கையால் தோண்டிக் குடிக்கிற தண்ணீர் எடுப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஊற்றுக்குழி ஆழமில்லை, மொண்டு எடுப்பதும் கொஞ்சம் கொஞ்சமாக. அதனால் அந்தப் படலம் கலையாமல் இருக்கிறது. பக்கத்து மனையில் தங்கும் விடுதி ஒன்று வந்து, நாள் முழுக்க மோட்டார் ஓட்டினால் உங்கள் கிணறும் சேர்ந்து கெடும். அதைத் தடுக்க உங்கள் கையில் எதுவும் இல்லை.

ஆகவே தீவில் எந்த மனையைப் பார்த்தாலும் அந்தத் தெருவில் குழாயில் காவிரிக் கூட்டுக்குடிநீர் வருகிறதா, எந்தெந்தக் கிழமை வருகிறது என்று அங்கே குடியிருக்கும் பெண்களிடம் கேளுங்கள். தரகரிடம் கேட்க வேண்டாம். நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு பங்குனி, சித்திரையில் கிணற்று நீரை அளந்து பாருங்கள். 500க்குள் இருந்தால் நல்ல நீர். 2000த்தைத் தாண்டினால் அது குடிக்க ஆகாது, கட்டடத்துக்குக் கலவை போடவும் நான் அதைத் தொட மாட்டேன். மழைநீர்த் தொட்டியைப் பெரிதாகக் கட்டுவது தீவில் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியும் மழை குறைந்த ஊர்தான், நிலத்தடி நீர் பல இடங்களில் உப்புத்தான். ஆனால் தாமிரபரணித் தண்ணீர் வல்லநாட்டிலிருந்து குழாயில் வருகிறது. ஒரு நதி பின்னால் நிற்கிற ஊருக்கும், பாலத்தைத் தாண்டி வரும் குழாயின் கடைசியில் இருக்கிற ஊருக்கும் கோடையில் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது வீடு. கடற்காற்றில் இருக்கும் உப்பு கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, கூரையின் அடிப்பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். கடலோரத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆன வீடுகளில் கூரைக்கம்பி வெளியே தெரிவது இதனால்தான். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, கடலோரச் சூழலில் இருக்கும் கான்கிரீட்டுக்கு எம்30 தரமும் (எண் கூடினால் வலிமை கூடும்), கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் (கவர்) 45 மில்லிமீட்டரும் கேட்கிறது. அலைச் சாரல் படும் இடமென்றால் எம்35, 50 மில்லிமீட்டர். ஊரில் வழக்கமாகக் கட்டும் மேஸ்திரி எம்20 போட்டு, இருபது மில்லிமீட்டரில் கம்பியை நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் கற்றது உள்நாட்டு வேலை. ஆனால் தீவில் அப்படிக் கட்டிய வீடு உங்கள் மகளின் திருமணத்துக்கு முன்பே பெரிய பழுது பார்க்கச் சொல்லும். இரும்பு உலைக் கசடு (ஸ்லாக்) கலந்து தயாரிக்கும் சிமென்ட், ஆற்று மணலோ நல்ல எம்-சாண்டோ, யு.பி.வி.சி. ஜன்னல், நன்றாகக் கழுவிய ஜல்லி என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். ஜல்லியும் மணலும் சிமென்ட்டும் பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பதால் வண்டி வாடகையும் ஏறும். மதுரையில் கட்டுவதற்கு வாங்கிய மதிப்பீட்டை வைத்துக்கொண்டு தீவில் தொடங்கியவர்கள் சுற்றுச்சுவர் எழுப்பும்போதே கையைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கடல் தெரியும் மனை என்று சொன்னால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி, ஊராட்சிப் பகுதிகளில் பொதுவாக உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர்வரை புதிய வீடு கட்ட முடியாது. நகராட்சிக்குள் விதி வேறு. பத்திரப் பதிவு நடந்துவிட்டது என்பதற்காக வீடு கட்டும் அனுமதி கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம், இரண்டும் தனித்தனி அலுவலகங்களின் வேலை. அதோடு கோயில் நிலம், புறம்போக்கு ஆகியவை தீவில் அதிகம். 30 ஆண்டு வில்லங்கச் சான்று, அ-பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கோதண்டராமர் கோயிலுக்குக் கிழக்கே குடியிருப்பு மனை என்று யாராவது காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பயணிகளோடு ஒரு ரயிலையே கடல் கொண்டுபோன நிலம் அது. அதன் பிறகு தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

தூத்துக்குடியை நான் குறையே இல்லாத ஊராகக் காட்ட விரும்பவில்லை. கடற்கரை அழகில் ராமேஸ்வரத்தின் அருகில்கூட அது வர முடியாது. துறைமுகம், அனல்மின் நிலையங்கள், உப்பளங்கள், லாரிகள் என்று உழைக்கிற ஊர் அது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதைப் பொறுத்துச் சில பகுதிகளில் புகையும் நிலக்கரித் தூசியும் வரும். வீடு பார்க்கும்போது மாடிக் கைப்பிடிச் சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள், தரகர் சொல்லாததை அது சொல்லும். தாமிர ஆலைக்கு எதிராக நடந்த போராட்டத்தில் 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த ஊர் அது. தங்கள் காற்றுக்காகவும் தண்ணீருக்காகவும் அந்த மக்கள் கொடுத்த விலையை அறிந்துகொண்டு அங்கே குடியேறுங்கள்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்து, தூத்துக்குடியின் பல காலனிகளில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. திருநெல்வேலிச் சாலை அந்தோணியார்புரத்தில் அறுந்தது, ரயில் பாதைகள் அரித்துக்கொண்டு போயின, விமானங்கள் நின்றன. சில நாள்கள் தூத்துக்குடியே ஒரு தீவாகிவிட்டது. ஆகவே நகரத்தில் இருந்தால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நகரத்தில் மேட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுத்துக் குடியிருக்க முடியும். மருத்துவமனையும் பண்டசாலையும் துறைமுகமும் உள்ளேயே இருப்பதால், வழி அறுந்த நாள்களிலும் உள்ளே ஓரளவு சமாளிக்கலாம். வாடகை வீடு பார்க்கிற தெருவில் 2023 வெள்ளம் எதுவரை வந்தது என்று நான்கு வீடுகளில் கேளுங்கள். நகரத்தின் வடிகாலான பக்கிள் ஓடையிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். முடிந்தால் முதல் மாடியில் குடியிருங்கள். மாமியாருக்குப் படி ஏற முடியாது என்றால் லிப்ட் உள்ள அடுக்ககம் பாருங்கள். தீவிலும் மழை சும்மா விடுவதில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது.

பள்ளிக்கூட விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. தீவில் நல்ல மேல்நிலைப் பள்ளிகள் உண்டு, அப்துல் கலாம் பிறந்து படித்த மண் அது. ஆனால் உங்கள் மகளுக்கு இன்னும் நாலரை ஆண்டுப் பள்ளிப் படிப்பு இருக்கிறது. ஒரு பள்ளி பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ள இன்னொன்று, விரும்பும் பாடத்துக்கு ஒரு தனி ஆசிரியர், பிறகு பக்கத்திலேயே ஒரு கல்லூரி என்று பார்த்தால் தூத்துக்குடியில் தேர்வு அதிகம். வ.உ.சி. கல்லூரி, தூய மரியன்னை கல்லூரி, மீன்வளக் கல்லூரி என்று எல்லாம் ஊருக்குள்ளேயே உண்டு. இணையமும் மின்சாரமும் இரண்டு ஊர்களிலும் சாதாரண நாள்களில் உங்கள் வேலைக்குப் போதும். புயல் நாள்களுக்கு இன்வெர்ட்டர் எங்கே இருந்தாலும் வேண்டும். அலுவலகம் எப்போதாவது நேரில் அழைத்தால் வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்கு விமானம் உண்டு, மைசூர் எக்ஸ்பிரஸும் பெங்களூரு வழியாகத்தான் போகிறது. தீவிலிருந்து விமானம் பிடிக்க மதுரைவரை போக வேண்டும்.

இனி உங்கள் மாமியாரின் விருப்பம். இதை நான் இலேசாக எண்ணவில்லை. அந்த வயதில் ஒருவர் ராமநாதர் சந்நிதிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டால், மருத்துவமனைக் கணக்கை மட்டும் சொல்லி அந்தப் பேச்சை முடிப்பது சரியல்ல. ஆனால் கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருப்பது எப்படிப்பட்டது என்று அவரும் அறிந்திருக்க வேண்டும். ரத வீதிகளை ஒட்டிய தெருக்களில் பெரும்பாலான வீடுகள் யாத்திரிகர் விடுதிகளாக மாறிவிட்டன. இரவு மூன்று மணிக்கே பஸ்கள் வந்து இறக்கும். ஆண்டு முழுக்க ஈரத்துணியோடு மக்கள் நடக்கும் வீதிகள் அவை, முதியவர்களுக்குக் கால் வழுக்கும். அதிகாலை தரிசனம் வேண்டும் என்றால் இந்த இரைச்சலையும் ஏற்க வேண்டும். அமைதி வேண்டும் என்றால் தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் போக வேண்டும். அப்போது கோயிலுக்குத் தினமும் ஆட்டோதான்.

நான் சொல்வது இது. தூத்துக்குடியில் குடியிருந்துகொண்டு, தை பிறந்ததும் ராமேஸ்வரத்தில் மாத வாடகைக்கு ஒரு சிறிய வீடு எடுங்கள். தை, மாசி இரண்டு மாதமும் அவர் அங்கே இருக்கட்டும், நீங்களும் உங்கள் கணவரும் மாறி மாறி உடன் இருங்கள். வேலை வீட்டிலிருந்து என்பதால் உங்களுக்கு இது முடியும். மாசி மகா சிவராத்திரித் திருவிழாவையும் அவர் பார்த்துவிடலாம். கடல் அடங்கி, வெயில் ஏறாத மாதங்கள் அவை. மற்ற மாதங்களில் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் 40 கிலோமீட்டர்தான். ராமநாதருக்கு மாற்றாக இதைச் சொல்லவில்லை. ஆனால் கடலோரக் கோயிலில் காலையில் நிற்க வேண்டும் என்ற ஏக்கத்தை அது ஓரளவு தணிக்கும். அவருடைய இதய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவசர மாத்திரைகள், பழைய அறிக்கைகள், ராமநாதபுரத்தில் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துவைத்துக்கொண்டு போங்கள்.

தீவு யாருக்குப் பொருந்தும் என்றும் கேட்பீர்கள். தீவிலேயே பிழைப்பு உள்ளவர்களுக்கு, உடல் திடமாக உள்ள தம்பதிகளுக்கு, கடலை ஆராய்கிறவர்களுக்கு, எழுதுகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் வடகடல் (பாக் விரிகுடா) குளம் போலக் கிடக்க, இன்னொரு பக்கம் தென்கடல் இரைந்துகொண்டிருக்கும் இடத்தில் வாழ்வது பெரிய பேறு. அங்குள்ள மனிதர்களும் அப்படித்தான். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், திரும்பும் மறுநாள் காலைகளில் ஊரே மீனைப் பற்றிப் பேசும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் கடைவீதியில் கையில் காசு புழங்குவது குறையும். எல்லை தாண்டியதாகப் படகுகள் பிடிபட்டால் வேலைநிறுத்தம் வரும், சில நாள் சாலை மறியலும் நடக்கும். அந்த வருத்தத்தில் கூட நிற்கத் தயாராக இருப்பவரைத் தீவு தன் மனிதராக ஏற்றுக்கொள்ளும். கடல் பார்க்கும் ஜன்னலுக்காக மட்டும் வருகிறவர் அங்கே எத்தனை ஆண்டு இருந்தாலும் யாத்திரிகர்தான்.

இரண்டுக்கும் நடுவே ஓர் ஊரை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்: ராமநாதபுரம். கடல் வாசலில் இல்லை, ஆனால் மருத்துவக் கல்லூரி ஊரிலேயே இருக்கிறது, ராமேஸ்வரம் ஒரு மணி நேரம், மதுரையிலிருந்து பரமக்குடிவரை நான்குவழிச் சாலை, மீதிக்கும் 2025இல் ஒப்புதல் கிடைத்துவிட்டது. மகளின் படிப்பு முடிந்து, தீவின் மீதான ஆசை அப்போதும் குறையாமல் இருந்தால், மனை தேடும் காலத்தில் அங்கே குடியிருந்து பாருங்கள்.

அதற்குப் பிறகும் தீவில் கட்டத்தான் வேண்டும் என்றால், ஓர் ஆடி மாதமும் ஒரு கார்த்திகை மாதமும் வாடகை வீட்டில் இருந்து முடித்த பிறகே பத்திரம் பதியுங்கள். ஆடியில் மணலும் காற்றும் எப்படி என்று தெரியும், கார்த்திகையில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று தெரியும். அந்த மாதங்களில் மனை விற்கிறவரை வரச்சொல்லி, அந்த மனையில் வைத்தே விலை பேசுங்கள்.